கணினிப் பிரிவை முகமையிடம் கொடுக்கும் முன்: ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

சுவடி மின்னாக்கத் திட்டத்தின் கணினிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் உள்ள பணியிடங்கள் இந்தக் கல்வியாண்டோடு முடிகின்றன என்று பதிவாளர் அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இனித் தேவைப்படும் கணினி வேலைகளை வெளிமுகமை அனுப்பும் தரவு உள்ளீட்டாளர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமாம். காரணம் இரண்டே வரி. மின்னாக்கம் நிறைவு பெற்றுவிட்டது. மீதி இருப்பது பராமரிப்பு.

இரண்டு வரியுமே தவறு. துறைத்தலைவர் வழியாக முறைப்படி அனுப்பிய விளக்கங்களுக்குப் பதில் வராததால் பொதுவில் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பெயரை மட்டும் மாற்றினால் இந்த மடலை இன்னும் பல பல்கலைக்கழகங்களுக்கு அப்படியே அனுப்பலாம்.

நான் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவன். படங்களிலிருந்து எழுத்தை அடையாளம் காணும் நிரல்கள்தான் என் ஆய்வு. ஓலைச்சுவடிகளுக்கு அது பயன்படும் என்று நம்பி இங்கே வந்தேன். வளாகத்தில் எனக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் தம்பி’. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் தம்பிதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, கூப்பிடுகிறவர்கள் பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் கோப்புகளிலும் நான் அதே கம்ப்யூட்டர் தம்பியாகவே இருப்பதுதான் சிக்கல்.

சுற்றறிக்கை பராமரிப்பு என்று சொல்லும் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்மிடம் இருக்கும் சுவடிப் பெயர்ப்புகள், அதாவது ஓலையில் இருப்பதைப் படித்து எழுதிய பிரதிகள், ஒரே காலத்தில், ஒரே ஆளால் தட்டச்சு செய்யப்பட்டவை அல்ல. பழையவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. சில வானவில்லில், சில டிஸ்கியில், சில டாம் குறியேற்றத்தில். அப்புறம் வந்தவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில். பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகள் வரிசையாக நிற்கும். அது ‘தமிழ்’ என்ற சொல். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் நம் கோப்புகளில் நடுவே வடமொழிச் சுலோகம் ஓர் எழுத்துருவில் வரும், அடிக்குறிப்பு ஆங்கிலத்தில் வரும், மருந்தின் அளவைக் குறிக்கும் கழஞ்சு, பணவெடைக் குறிகளைத் தட்டச்சாளர் தன் வசதிக்கு ஏதோ ஒரு விசையில் அடித்து வைத்திருப்பார். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கோப்பின் உள்ளமைப்புக்குள் போய்ப் பார்த்துத் தனித்தனியாகத்தான் மாற்ற முடியும். மொத்தமாக மாற்றினால் தமிழ் சரியாகிவிடும், ஆங்கில அடிக்குறிப்பு முழுவதும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒழுங்குபடுத்தாத தேடலுக்கு இரண்டும் வேறு சொல். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வழி. பழைய கோப்புகளில் அது ஸகரத்தில் தொடங்கும். 2005இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் வழியும் வந்துவிட்டது. ‘கொ’ சிக்கலைத் தீர்க்க யூனிகோடு அமைப்பே ஒரு விதி வைத்திருக்கிறது. ஸ்ரீக்கு அந்த விதி உதவாது, நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் மனிதர்கள். எகரத்துக்குப் பதிலாக ஏழு என்ற தமிழ் எண்ணை (௭) அடித்திருப்பார்கள், ககரத்துக்குப் பதிலாக ஒன்று என்ற எண்ணை (௧) அடித்திருப்பார்கள், ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து அடித்திருப்பார்கள். அச்செடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் பேராசிரியர் ஒருவர் மருத்துவச் சுவடிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு வட்டாரங்களிலிருந்து வந்த கட்டுகளில் எந்த மூலிகை எத்தனை முறை வருகிறது என்ற ஒப்பீடு அது. ஒரு வட்டாரத்துச் சுவடிகளில் கொடிவேலி அநேகமாக இல்லவே இல்லை. அதற்கு அவர் ஒரு நல்ல விளக்கமும் வைத்திருந்தார்: கொடிவேலி சூடான மூலிகை, அந்த வட்டாரத்து வைத்தியர்கள் அதைத் தவிர்த்திருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் என்னிடம் வந்து, “தம்பி, எண்ணிக்கையை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துடுங்க” என்றார். பார்த்தேன். கொடிவேலி, கொத்தமல்லி, கொன்றை என்று ‘கொ’வில் தொடங்கும் எல்லாமே அந்தக் கட்டுகளில் காணாமல் போயிருந்தன. அவற்றைத் தட்டச்சு செய்தவர் வேறு விசைப்பலகை மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். ஒழுங்குபடுத்திவிட்டு மறுபடி எண்ணினால் இரண்டு வட்டாரத்திலும் கொடிவேலி ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. அம்மையார் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார். அச்சாகியிருந்தால் இந்நேரம் அதை மேற்கோள் காட்டி இரண்டு ஆய்வேடுகளாவது வந்திருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மரபணுக்களின் சுருக்கப் பெயர்களில் மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நாளில் கணக்கில் ஏறாமல் போனது. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை, மீதி வெட்டுப்பட்டுவிட்டது. இரண்டு இடத்திலும் தரவை உள்ளிட்டவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். தரவு எங்கே கெடும் என்று தெரிந்த ஆள்தான் பக்கத்தில் இல்லை. நீங்கள் இப்போது நீக்குவது அந்த ஆளை.

மின்னாக்கம் முடிந்துவிட்டது என்பதும் சரியில்லை. முடிந்தது படம் எடுக்கும் வேலை. ஓலையில் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஓலையில் ‘கொல’ என்று தெரிவது கொல், கோல், கொல, கோல என எதுவாகவும் இருக்கலாம். காலை ரகரமாக எடுத்தால் கெரல என்றுகூடப் படிக்கலாம். இதில் எது என்று முடிவு செய்வது சுவடிப் புலவரின் கல்வி. ஓலையில் இருந்த வடிவம் ஒன்று, புலவர் படித்த வடிவம் ஒன்று, யார் எப்போது அப்படிப் படித்தார், எவ்வளவு உறுதியாகப் படித்தார் என்பதைத் தனித்தனியாகப் பதிந்து, பின்னால் வருகிறவர் மறுத்துப் படிக்கவும் இடம் விட்டு வைப்பது என் கல்வி. உரைகளைக் கணினியில் குறியிட்டுப் பதிவதற்கான டிஇஐ (TEI) என்ற உலகப் பொது முறை இதற்கு இருக்கிறது. ஆனால் அதைத் தமிழ் ஓலைக்குப் பொருத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. “படிச்சதை எழுதினாப் போதாதா, ஓலையில் இருந்ததையும் தனியா எழுதணுமா?” என்று புலவர் ஐயா என்னோடு நெடுநாள் சண்டை போட்டார். பிறகு தான் முன்பு படித்த ஓர் ஓலையையே வேறுவிதமாகப் படிக்க நேர்ந்தபோது, பழைய பாடமும் அழியாமல் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து மற்றவர்களிடம் அவரே இதற்காகச் சண்டை போடுகிறார்.

இதை ஆராய்ச்சி என்று நான் நினைக்கிறேன். அலுவலகக் கோப்பில் இது கணினி உதவி.

என் பதவியின் பெயர் நிதி எந்தத் தலைப்பில் வந்ததோ அதைப் பொறுத்து மாறும். திட்ட உதவியாளர், தொழில்நுட்ப உதவியாளர், கணினி உதவியாளர் எல்லாமாகவும் இருந்திருக்கிறேன். பதினொரு மாத ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினொரு மாதம். ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. கருத்தரங்குக்குப் போகப் பயணப்படி கேட்டால் அது ஆசிரியர்களுக்கு மட்டும். ஆய்வேடுகளின் நன்றியுரையில் என் பெயர் தவறாமல் வரும், தட்டச்சு செய்தவருக்கும் புத்தகம் கட்டியவருக்கும் நடுவில். அந்த இருவருக்கும் எந்தக் குறையும் இல்லாமல் சொல்கிறேன்: ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இருக்கும் அட்டவணைகளை உண்டாக்கிய நிரல் என்னுடையது. அது ஆய்வு முறையியலில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அறிவியல் புலத்தில் 8, மொழி, கலைப் புலத்தில் 10. நூலுக்கு உண்டு, மொழிபெயர்ப்புக்கு உண்டு, காப்புரிமைக்கு உண்டு, பாடத்துக்கான மின்னுள்ளடக்கத்துக்கு உண்டு. ஆய்வுக்கான மென்பொருளுக்கும் பிறர் ஆய்வு செய்யத் தொகுத்துக் கொடுக்கும் தரவுக்கும் அதில் தனி வரி இல்லை. இருந்தாலும் எனக்கு உதவாது என்பது வேறு. அந்த அட்டவணை ஆசிரியர்களுக்கானது, நான் ஆசிரியர் இல்லை. சரி, உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால் நேர்காணலில் “இத்தனை வருஷம் எங்கே பாடம் நடத்தினீங்க?” என்று கேட்கிறார்கள். மென்பொருள் நிறுவனத்துக்குப் போனால் “இத்தனை வருஷம் ஒரே இடத்தில் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் உண்மையான பதில் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் அது செல்லாது.

எனக்கு முன் இந்த இருக்கையில் இருந்தவர் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் போன பிறகுதான் படக் கோப்புறைகளின் எண்ணும் சுவடி அட்டவணையின் எண்ணும் பொருந்தவில்லை என்று தெரிந்தது. கோப்புறைகள் பழைய நன்கொடைப் பதிவேட்டின் கட்டு எண்ணைப் பின்பற்றியிருந்தன. அட்டவணையோ புதிய சேர்க்கை எண்ணைப் பின்பற்றியிருந்தது. இரண்டையும் இணைக்கும் பட்டியல் அவர் தலைக்குள் இருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டே விளக்கினார். அவர் அந்த அழைப்பை எடுக்காமலும் இருந்திருக்கலாம். எடுக்க வேண்டிய கடமை எதுவும் அவருக்கு இல்லை, பல்கலைக்கழகம் அவருக்குக் கடைசியாகக் கொடுத்தது பணிமுடிவு ஆணைதான். இன்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் முகமை மாற்றி மாற்றி அனுப்பும் தரவு உள்ளீட்டாளராக இருக்க முடியாது.

அப்புறம், ஒன்றும் செய்யாமல் விட்டால் தளம் தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு. நம் சுவடித் தளத்தின் முதல் வடிவம் பைத்தான் 2 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நின்றது. சர்வரில் இருந்த இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். இரண்டு முறையும் அடித்தளத்தையே மாற்றினோம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையே. பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வரும் வாரத்தில் மட்டும் எங்கள் அறையின் ஏசி சரியாகிவிடும், தளத்தைத் திரையில் பெரிதாகக் காட்டுவார்கள். குழு போனதும் யுபிஎஸ் பேட்டரி மாற்றக் கேட்ட கோப்பு மறுபடி நிதிப் பிரிவில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் தொழிலுக்கு உலகத்தில் எங்குமே இடம் இல்லை என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பிரிட்டனில் 2012இல் மென்பொருள் நிலைப்பு நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய பட்டறையில் என்னைப் போன்ற சிலர் இதே குறையைப் பேசினார்கள். ஆய்வுக்காக நிரல் எழுதுகிறவர்களுக்குப் பதவிப் பெயரும் இல்லை, மேலே போக வழியும் இல்லை என்று. ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பதவிப் பெயர் அங்கேதான் பிறந்தது. அதே ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் இதற்கென ஒரு குழுவைத் தொடங்கியது. 2014இல் மென்பொருள் நிலைப்பு நிறுவனம் 15 பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 92 சதவீதம் பேர் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மென்பொருள் இல்லாவிட்டால் தங்கள் ஆய்வே நடக்காது என்றவர்கள் 69 சதவீதம். 56 சதவீதம் பேர் தாங்களே மென்பொருள் எழுதினார்கள். அவர்களில் 21 சதவீதம் பேருக்கு அதில் எந்தப் பயிற்சியும் இல்லை. அதன் பிறகு அங்கே பணியிடங்கள் பெருகின, ஆய்வு நல்கைகளும் வந்தன. 2019இல் அவர்களுக்கென ஒரு சங்கமே பதிவாயிற்று.

வளர்ந்த நாட்டிலும் இது எளிதாக நடந்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியானது. அந்தப் படத்துக்குப் பின்னால் நம்பை, மேட்பிளாட்லிப் போன்ற திறமூல மென்பொருள்கள் இருந்தன. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தவை. படம் வந்த ஐந்தாம் நாள், அந்த மென்பொருள்களுக்கு நிதி கேட்ட விண்ணப்பத்தை அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் போதிய தாக்கம் இல்லை என்று நிராகரித்தது. உலகமே அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது.

தமிழுக்கு இந்தக் கதை புதிதல்ல. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய ஈழத்து ‘நூலகம்’ திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பில் எழுந்தவை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், எழுத்துரு செய்தவர்கள். அவர்கள் முன் நான் எழுந்து நிற்பேன். ஆனால் அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அவர்களைக் காட்டி “அவங்க சும்மாவே செய்றாங்களே” என்று சொல்வதை ஒரு கூட்டத்தில் என் காதாலேயே கேட்டேன். வீட்டில் விளக்கு வைத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுப்பவர் இருக்கிறார் என்பதற்காகப் பள்ளியில் ஆசிரியர் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

நிதி இல்லை என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். 2015இல் தேசிய மீத்திறன் கணினித் திட்டத்துக்கு 4,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி, ஆய்விதழ்களைப் படிக்க. 2025 பட்ஜெட்டில் ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்த வேண்டும் என்பது அதன் இலக்கு. இயந்திரத்துக்குப் பணம் வருகிறது, இதழுக்குப் பணம் வருகிறது, படம் எடுக்கவும் பணம் வருகிறது. நம்மிடமே விலையுயர்ந்த ஸ்கேனர் இருக்கிறது, அதைப் போர்த்தி வைக்கும் உறைகூடப் புதிது. ஆளுக்கு மட்டும் எப்போதும் திட்டம் முடியும் தேதிதான். ஆளுக்கான தொகையைத் திட்ட விண்ணப்பத்திலேயே கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டுக் கிடைக்காமல் போயிருந்தால் அது வேறு.

நிறுவனத்திடம் கொடுத்தால் என்ன என்றும் கேட்கிறீர்கள். கொடுத்துப் பார்த்தோமே. நூலக அட்டவணைக்கென்று ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கிய மென்பொருள் என்னவாயிற்று என்று பழையவர்களைக் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்தது, நிறுவனம் தொலைபேசியை எடுக்கவில்லை, தரவு அவர்களுடைய வடிவத்தில் பூட்டிக் கிடந்தது. அதை வெளியே எடுத்தது இந்தக் கணினிப் பிரிவுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஓலையை அதுவே படித்துவிடும் என்று சென்ற கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் படிக்கலாம், நானும் அதற்காகத்தான் இங்கே வந்தேன். ஆனால் அதற்குக் கற்றுக்கொடுக்க, ஓலையின் படமும் அதில் உள்ளபடியே பெயர்த்த வரியும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்த தரவு வேண்டும். அதைப் புலவர் ஐயாவும் நானும் செய்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் சுற்றறிக்கை வந்தது.

கடைசியாக, கோப்பில் ‘உமாதேவி தீர்ப்பு’ என்று இரண்டு சொல் எழுதி மூடிவிடும் வழக்கம். 2006இல் வந்த அந்தத் தீர்ப்பு கொல்லைப்புற நியமனங்களை நிரந்தரமாக்கக் கூடாது என்றது. நல்லது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், நிரந்தரத் தேவையுள்ள வேலையை நெடுங்காலம் செய்தவர்களுக்கு எதிராக அந்தத் தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்படி சட்டப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த மடல் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லும் மனு அல்ல.

நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். சுவடிப் புலவர்கள், இந்தத் தரவை வைத்து ஆய்வு செய்த ஆசிரியர்கள், வெளியிலிருந்து ஒரு கணினி அறிவியலாளர் ஆகியோர் அடங்கிய குழு ஒன்றை அமைத்து, அது கருத்துச் சொல்லும்வரை சர்வரையும் தரவையும் எந்த முகமையிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

கணினிப் பிரிவுக்குக் குறைந்தது இரண்டு நிரந்தரப் பணியிடங்களுக்கு அரசிடம் ஒப்புதல் கேளுங்கள். ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பெயரில், ஊதிய விகிதத்தோடு, மேலே போகப் படிநிலையோடு. ஒருவர் போதாதா என்று நிதி அலுவலர் கேட்பார். ஓர் ஆள் மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதற்குக் கோப்புறை எண் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். திறந்த விளம்பரம் கொடுங்கள், இனச் சுழற்சியைப் பின்பற்றுங்கள், இதுபோன்ற வேலையில் இருந்த ஆண்டுகளை அனுபவமாகக் கணக்கிடுங்கள். மற்றவர்களோடு நானும் விண்ணப்பிக்கிறேன். என்னைவிடத் தகுதியானவர் வந்தால் எல்லாவற்றையும் அவரிடம் விளக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இனி இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து போகும் எந்த ஆய்வுத் திட்ட விண்ணப்பமும், உண்டாகும் தரவையும் மென்பொருளையும் திட்டம் முடிந்த பிறகு யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதாமல் போகக் கூடாது என விதி செய்யுங்கள். யுஜிசி அட்டவணையை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் ஆய்வேட்டு விதிகளை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. பயன்படுத்திய மென்பொருளையும் தரவையும் அவற்றை உருவாக்கியவர் பெயரோடு முறையியல் இயலில் குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம், தரவையும் மென்பொருளையும் ஆய்வின் விளைவாக மதிக்கச் சொல்கிறது. அதில் நம் பல்கலைக்கழகமும் கையெழுத்திடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பிரிவை மூடுவது என்றே முடிவு செய்தால், ஆறு மாதம் ஒப்படைப்புக் காலம் கொடுங்கள். நிரல்களைத் திறமூலமாக வெளியிட எழுத்தில் அனுமதி கொடுங்கள். பெயர்ப்புகளை ஸெனோடோ போன்ற பொது வைப்பகத்தில் சேர்க்க அனுமதி கொடுங்கள். இங்கே பார்க்க ஆளில்லாமல் போனாலும் வேறொருவர் எடுத்துத் தொடரலாம்.

சர்வர் கடவுச்சொற்கள், காப்புப் பிரதிகள் இருக்கும் இடங்கள், கோப்புறை எண்களின் இணைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் முத்திரையிட்ட உறையில் பதிவாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். எதையும் நான் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதாக யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக. சுற்றறிக்கை நடைமுறைக்கு வரும் முன் ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டம் இருக்கிறது. அதன் பொருள்நிரலில் இந்தக் கோரிக்கைகளைச் சேர்த்து, எடுக்கும் முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுவடி மின்னாக்கத் திட்டத்தின் கணினி உதவியாளர்
(தொகுப்பூதியம்)